பழைய காரில் பாடாத ஸ்டீரியோ: பழுது பார்ப்பதா, மாற்றுவதா, மாற்றினால் எதை?

என்னுடைய சிறிய கார் 2008-ஆம் ஆண்டு வாங்கியது. மூன்று கோடைகளுக்கு முன்பு அதன் ஸ்டீரியோவுக்கு ஒரு விசித்திரமான நோய் வந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் செட் அணைந்துவிடும். சிறிது நேரம் கழித்துத் தானே உயிர்பெறும். ஆனால் கடிகாரம் பன்னிரண்டு மணியிலிருந்து மறுபடியும் ஓடத் தொடங்கியிருக்கும், சேமித்து வைத்த வானொலி நிலையங்கள் அனைத்தும் அழிந்திருக்கும். ஆக்சசரீஸ் கடையில் காட்டியபோது, செட்டைக் கழற்றிப் பார்க்காமலேயே ஒன்பது அங்குலத் திரை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். பழுது செட்டில் இருக்கவில்லை. எப்போதோ செட்டைப் பொருத்தியவர், ஒயர்களைச் செட்டோடு இணைக்கும் காரின் கப்ளரை வெட்டி, ஒயர்களை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டிருந்தார். டேபின் பசை வெயிலில் இளகி, மஞ்சள் ஒயரின் முறுக்கு தளர்ந்திருந்தது. அதை ஈயம் வைத்துப் பற்றவைத்த பிறகு அதே செட் மேலும் ஓராண்டு நன்றாகப் பாடியது. பின்னர்தான் ஸ்பீக்கர்களை இயக்கும் அதன் அவுட்புட் ஐசி உண்மையிலேயே எரிந்தது. ஆக, பழுது பார்ப்பது, மாற்றுவது என்ற இரண்டு முடிவுகளையும் ஒரே காரில் அடுத்தடுத்து எடுக்க வேண்டியிருந்தது. எந்தச் செட்டை வாங்கலாம் என்ற கேள்விக்கு முன்னால், பழுது எங்கே இருக்கிறது என்ற கேள்வியை இக்கட்டுரை வைப்பதற்கு அந்த அனுபவமே காரணம்.

பழுது இருக்கக்கூடிய இடங்கள் நான்குதான்: செட்டுக்கு மின்சாரம் வரும் வழி, செட், ஒலி ஸ்பீக்கருக்குப் போகும் வழி, ஆன்டெனா. இவற்றைப் பிரித்தறிய ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கடைகளில் தனியாக விற்கும் செட்டுகள் பெரும்பாலானவற்றில் ஒயர்களின் நிறம் ஒன்றுபோலவே இருக்கும். மஞ்சள், சாவி அணைந்திருந்தாலும் எப்போதும் 12 வோல்ட் இருக்கவேண்டிய நினைவு ஒயர்; சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஒயர்; கருப்பு, காரின் உடலோடு சேரும் எர்த். காரோடு வந்த ஒயர்களுக்கு இந்த நிற ஒழுங்கு பொருந்தாது, ஆகையால் காரின் பக்கத்தை நிறத்தை நம்பி அல்ல, மீட்டரை நம்பியே அறியவேண்டும். நல்ல நிலையிலுள்ள பேட்டரி, இன்ஜின் ஓடாதபோது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வரும். செட்டின் பின்புறத்திலும் அதற்கு மிக நெருக்கமான அளவே வரவேண்டும். செட்டை அணைத்துவைத்து அளந்தால் தளர்ந்த இணைப்புகூட முழு வோல்ட்டேஜைக் காட்டும் என்பதால், செட்டை ஓடவிட்டு, ஒலியைக் கூட்டிவைத்துக்கொண்டே அளக்கவேண்டும். அந்த நிலையில் செட்டின் உலோகக் கூட்டுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையில் அளந்தால், வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் எர்த் சரியில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கூடிக்கொண்டே போகும் ஊளைச் சத்தத்துக்கும் பெரும்பாலும் இந்த எர்த்தே காரணமாக இருக்கும். அதற்காக விற்கப்படும் நாய்ஸ் ஃபில்டரை வாங்குவதற்கு முன் ஒரு நல்ல எர்த் போட்டுப் பார்க்கலாம்.

ஃபியூஸ்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காரின் ஃபியூஸ் பெட்டியில் நினைவு ஒயருக்கும் சாவி ஒயருக்கும் தனித்தனி ஃபியூஸ்கள் இருப்பது வழக்கம். நினைவு ஒயரின் ஃபியூஸ் பல கார்களில் உள்விளக்குக்கும் பொதுவானது என்பதால், செட்டும் உள்விளக்கும் ஒன்றாகப் போயிருந்தால் ஐயமே இல்லை. செட்டின் முதுகிலும் ஒரு ஃபியூஸ் செருகப்பட்டிருக்கும்: 10 ஆம்பியராக இருந்தால் சிவப்பு, 15 ஆம்பியராக இருந்தால் நீலம். ஒருமுறை போன ஃபியூஸ் மறுபடியும் போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். பெரிய ஆம்பியர் ஃபியூஸைச் செருகுவது டேஷ்போர்டுக்குள் தீயை அழைப்பதற்குச் சமம். கையை உள்ளே விடுவதற்கு முன் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. ஏர்பேக் உள்ள கார்களில் ஸ்டியரிங்கைச் சுற்றியும் டேஷ்போர்டுக்குள்ளும் மஞ்சள் நிறக் கப்ளர்கள் இருக்கும். அவற்றில் மீட்டரின் முனையை வைக்கவே கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு வேலை செய்வது நல்லதுதான், ஆனால் காரோடு வந்த பழைய செட்டுகள் சில, மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் திருட்டுத் தடுப்புக் குறியீட்டு எண்ணைக் கேட்கும். அந்த எண் கையேட்டிலோ அதனுடன் வந்த அட்டையிலோ இருக்கிறதா என்று பார்த்த பிறகே கழற்றவேண்டும்.

மின்சாரம் சரியாக வருகிறது என்றால், அடுத்து அறிகுறிகளே வழிகாட்டும். செல்ஃப் எடுக்கும்போது மட்டும் நினைவு அழிகிறது என்றால் செட்டை விட்டுவிட்டுப் பேட்டரியைப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் அழிகிறது என்றால் மஞ்சளில் மின்சாரம் வரவில்லை, அல்லது மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. ஒரே ஒரு ஸ்பீக்கர் மட்டும் பேசவில்லை என்றால், செட்டின் பின்புறத்தில் அந்த ஸ்பீக்கரின் இணைப்பைப் பேசும் ஸ்பீக்கருடையதோடு மாற்றிப் பார்க்கலாம். மௌனம் அதே கதவில் இருந்தால் செட் குற்றமற்றது. கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள ரப்பர் உறைக்குள் ஒயர் ஆயிரக்கணக்கான முறை மடங்கி விரிந்து உள்ளுக்குள்ளேயே முறிந்திருப்பது பழைய கார்களில் மிகச் சாதாரணம். ஒயரைச் செட்டின் பக்கம் கழற்றி மீட்டரால் அளந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரை ஓம் அளவில் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் ஒயரோ சுருளோ அறுந்திருக்கிறது. டார்ச் பேட்டரி ஒன்றை அதே ஒயரில் தொட்டுத்தொட்டு எடுத்தால் நல்ல ஸ்பீக்கர் 'டப் டப்' என்று பதில் சொல்லும். விளக்கு எரிந்து, நான்கு ஸ்பீக்கர்களும் ஒருசேர மௌனமாக இருந்தால், ஏதாவது ஒரு ஸ்பீக்கர் ஒயர் காரின் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களிலும் பேட்டரியின் பாதி வோல்ட்டேஜ் நிற்கும். நெகட்டிவ் என்று குறிக்கப்பட்டதும் எர்த் அன்று. அது பாடியைத் தொட்டால் செட் தன்னைக் காத்துக்கொள்ள வாயை மூடிக்கொள்ளும். ஸ்பீக்கர் கப்ளரை முழுவதுமாகக் கழற்றி, தனியாக ஒரு ஸ்பீக்கரை நேரடியாக இணைத்துப் பார்த்து, அப்போதும் பாடாவிட்டால்தான் குற்றம் செட்டினுடையது என்று முடிவு கட்டலாம்.

எஃப்.எம். மட்டும் இரைகிறது என்றால் ஆன்டெனாவைப் பார்ப்பதோடு நின்றுவிடலாம். கூரையில் திருகப்பட்ட கம்பி துருப்பிடித்திருக்கும், அல்லது செட்டின் பின்புறம் செருகிய ஆன்டெனா பிளக் பாதி வெளியே வந்திருக்கும்.

பழுது செட்டில்தான் என்று உறுதியான பிறகே ஒப்பீடு தொடங்குகிறது. முதல் வழி, இருப்பதையே பழுது பார்ப்பது. இது எல்லாப் பழுதுகளுக்கும் ஒரே அளவு பொருந்துவதில்லை. ஒலி குமிழைத் திருப்பினால் எண் முன்னும் பின்னும் தாவுகிறது என்றால் குமிழின் திருப்பலை உணரும், உள்ளேயிருக்கும் என்கோடரில் அழுக்குச் சேர்ந்திருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் தெளித்தாலே பெரும்பாலும் சரியாகும், இல்லையென்றால் அந்த உறுப்பை மட்டும் மாற்றலாம். அவுட்புட் ஐசி போயிருந்தால், டிடிஏ7388 போன்ற, 25 கால்களைக் கொண்ட அந்த ஐசி சென்னையின் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஆனால் போலிகள் நிறைய உலவுவதாலும், 25 கால்களையும் பலகை சேதமாகாமல் எடுத்துப் புதியதை வைப்பதற்குக் கைத்திறன் வேண்டும் என்பதாலும், கூலியே பெரும்பகுதியாகிவிடும். சிடி தாவுகிறது என்றால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் லென்ஸைத் துடைப்பது ஒருமுறை முயன்று பார்க்கத்தக்கது. லேசரே மங்கிவிட்டதென்றால் அதற்கு மேல் செலவழிக்கவேண்டியதில்லை. கேசட் செட்டின் ரப்பர் பெல்ட் உருகித் தார்போல ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் பெட்டி நிறையக் கேசட்டுகள் வைத்திருப்பவரைத் தவிர மற்றவர் அதன் பின்னால் அலைவதில் பொருளில்லை. மே மாத வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டுக்குள் பல கோடைகள் வெந்த பலகையில் ஒரு கெப்பாசிட்டர் உலர்ந்திருந்தால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்பதே இந்த வழியின் மிகப் பெரிய குறை.

இருப்பினும் பழுது பார்ப்பதே சரியாக இருக்கும் கார்கள் உண்டு. செட்டின் முகப்பு டேஷ்போர்டின் வளைவோடு சேர்த்தே வார்க்கப்பட்ட கார்களில், வெளிச் செட்டைப் பொருத்தத் தனிச் சட்டகம் வேண்டும். அது கிடைக்காத மாடல் என்றாலோ, காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே காக்க விரும்புகிறவர் என்றாலோ, பழையதையே பிழைக்கவைப்பது தகும். அத்தகையவருக்கு இரண்டாவது வழியும் பொருந்தும்: அதே மாடல் செட்டைப் பழையதாகவே தேடி வாங்குவது. சென்னையில் புதுப்பேட்டையிலும், பிற ஊர்களில் காயலான் கடைகளிலும், உடைக்கப்பட்ட கார்களின் செட்டுகள் கிடைக்கின்றன. பேட்டரி ஒன்றை வைத்து அங்கேயே நான்கு ஸ்பீக்கர் வழிகளையும் பாடவைத்துக் காட்டினால் வாங்கலாம். குறியீட்டு எண் கேட்கும் செட் என்றால், எண்ணைத் தராதவரிடம் வாங்கக்கூடாது. எண் இல்லாத செட் திருடப்பட்டதாக இருக்கலாம் என்பது ஒருபுறம். பாடாது என்பது மறுபுறம்.

செட் நன்றாகப் பாடுகிறது, ஆனால் கைபேசியோடு பேசத் தெரியவில்லை என்பது மட்டுமே குறை என்றால், மாற்றவே வேண்டாம். முன்புறம், வெளிக் கருவியின் ஒலியை வாங்கும் ஆக்ஸ் துளை இருந்தால் ஒரு சிறிய ப்ளூடூத் ரிசீவரைச் செருகிவிடலாம். துளை இல்லாவிட்டால் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது, காலியான அலைவரிசை எளிதில் அகப்படும் கிராமப்புறச் சாலைகளில் அது ஒழுங்காகவே வேலை செய்கிறது. நிலையங்கள் நெருக்கியடித்து நிற்கும் சென்னைக்குள் நுழைந்தால் ஒவ்வொரு மேம்பாலத்திலும் வேறொரு நிலையம் உள்ளே வந்துவிடும். தற்காலிக ஏற்பாடாக மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

மாற்றுவது என்று முடிவானவருக்கு மூன்று வகைகள் எதிரே நிற்கின்றன. பழைய கார் உரிமையாளர்கள் பெரும்பாலோருக்கு நான் முதலில் சொல்வது, சிடி இயந்திரம் இல்லாத ஒற்றை டின் செட்டைத்தான். ஒற்றை டின் என்பது 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட துளை. இரட்டை டின் அதே அகலத்தில் 100 மில்லிமீட்டர் உயரம். பழைய கார்களில் ஒற்றைத் துளையே இருக்கும், அல்லது இரட்டைத் துளையில் கீழ்ப்பாதி சாமான் வைக்கும் தட்டாக இருக்கும். இரண்டிலும் ஒற்றை டின் செட் வெட்டாமல் அமரும். சோனி, பயனியர், ஜேவிசி போன்ற நிறுவனங்கள் ப்ளூடூத், யூஎஸ்பி, எஃப்.எம். மூன்றும் கொண்ட இத்தகைய செட்டுகளை விற்கின்றன. நகரும் பாகமே இல்லாததால் குழியும் தூசியும் இதை ஒன்றும் செய்வதில்லை. சாவியைத் திருப்பியதும் பாடுகிறது. குமிழ் இருப்பதால் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே ஒலியைக் குறைக்கலாம். இதைத் தொடுதிரைக்காரர்கள் சிறிய விஷயமாக நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை.

பெட்டியின்மேல் எழுதப்பட்டிருக்கும் 'நான்கு முறை 50 வாட்' என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 14.4 வோல்ட்டை 4 ஓம் ஸ்பீக்கரில் சதுர அலையாக முழுவதுமாகச் செலுத்தினால் வருவது 14.4-இன் வர்க்கம் வகுத்தல் 4, அதாவது ஏறக்குறைய 52 வாட்; 50 என்ற எண் இந்தக் கணக்கிலேயே அடங்கிவிடுகிறது. ஆனால் அந்த நிலையில் கேட்பது இசை அன்று, பிளிறல். சிதையாத சைன் அலையாக அதே மின்சாரத்தில் எடுக்கக்கூடிய உச்ச வரம்பு அதில் பாதி, 26 வாட்; நடைமுறையில் அதற்கும் கீழே. செட்டின் முதுகிலிருக்கும் 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகத் தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே 144 வாட் என்னும்போது, 200 வாட் எங்கிருந்து வெளியே வரும்? தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத எல்லாச் செட்டுகளுக்கும், விலை எதுவானாலும், இந்த வரம்பு பொது. ஆகவே வாட்டை வைத்து ஒரு செட்டை மற்றொன்றோடு ஒப்பிடுவதைக் கைவிட்டுவிட்டு, தனி ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியைக் கொடுக்கும் ப்ரீ-அவுட் இணைப்பு எத்தனை, ஒலிவாங்கி வெளியே இழுத்துப் பொருத்தும்படி வருகிறதா, ஈக்வலைசர் எத்தனை பட்டைகள் கொண்டது என்று கேட்பது மேல்.

இரண்டாவது வகை, கைபேசியின் திரையைத் தன் திரையில் காட்டும், ஆண்ட்ராய்ட் ஆட்டோவும் கார்பிளேயும் கொண்ட பெயர்பெற்ற நிறுவனத்தின் இரட்டை டின் செட். வழி அறியக் கைபேசியையே நம்பி ஓட்டுகிறவருக்கும், பின்புறக் கேமரா வேண்டும் என்று நினைக்கிறவருக்கும் இதன் பயன் உண்மையானது. முதியவர் ஒருவர் நெரிசலான தெருவில் பின்னோக்கி எடுக்கும் கார் என்றால், கேமரா ஒன்றுக்காகவே இதை வாங்கலாம். விலை ஒற்றை டின்னைப்போல இரண்டு மூன்று மடங்கு. காரில் இரட்டைத் துளை இயல்பாகவே இருந்தால் மட்டும் இதை நினைக்கவேண்டும். டேஷ்போர்டின் உள் எலும்பை அறுத்து இடம் உண்டாக்கும் கடைக்காரர்களிடமிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

மூன்றாவது வகைதான் எனக்கு மேசைமேல் வைத்துக் காட்டப்பட்டது: அதிகம் அறியப்படாத பெயர்களில் வரும், தானே ஆண்ட்ராய்டில் ஓடும் ஒன்பது, பத்து அங்குலத் திரை. பெயர்பெற்ற இரட்டை டின்னைவிடத் திரை பெரியது, விலை குறைவு. கண்ணுக்கு இதுவே வெல்லும். குறைகள் வீட்டுக்கு வந்த பிறகு தெரியும். ஒற்றைத் துளையிலிருந்து முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும் திரை, பழைய டேஷ்போர்டில் ஏசி காற்று வரும் வழியையோ அபாய விளக்குப் பொத்தானையோ மறைத்துவிடுவதுண்டு. முழுவதுமாக அணைந்த பின் எழுவதற்கு இதற்கு நேரம் பிடிக்கும். அந்தத் தாமதத்தை மறைக்க, சாவியை எடுத்த பின்னும் அரைத் தூக்கத்தில் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும்படி சில செட்டுகளை அமைக்கிறார்கள். சாதாரணச் செட் நினைவுக்காக எடுப்பது சில மில்லி ஆம்பியர் மட்டுமே. நிறுத்திய கார் முழுவதும் சேர்ந்தே 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடாது என்பது எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் கணக்கு. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கப்படும் பழைய காரில், அந்த அரைத் தூக்கம் பேட்டரியின் முழுத் தூக்கமாக முடியலாம். மென்பொருளைப் புதுப்பிக்க யாரிடம் போவது என்பதற்கும் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த செட்டை உறவினர் ஒருவர் அன்போடு கொடுத்தால், வாங்கிக்கொள்ளுமுன் அதன் எஃப்.எம். எல்லையைப் பார்க்கவேண்டும். ஜப்பானிய உள்நாட்டுச் செட்டுகள் பல 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரையே கேட்கும், நம் நிலையங்களோ பெரும்பாலும் அதற்கு மேலே. ஜப்பானிலிருந்து பழைய வாகனங்களை இறக்குமதி செய்யும் இலங்கையில் இந்தத் தொல்லையை எல்லோரும் அறிவார்கள், அதற்கென்றே அலைவரிசையைக் கீழே நகர்த்தும் சிறு கருவி ஒன்றை ஆன்டெனா ஒயரில் செருகுகிறார்கள். அமெரிக்கச் செட்டின் தொல்லை வேறு: அது ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டுமே நிற்கும். கொடைக்கானல் வானொலியின் 100.5 அதில் கிடைக்கும், சென்னையின் 101.4 கிடைக்காது. அமைப்பில் வட்டாரத்தை மாற்றும் வசதி இருந்தால் மட்டுமே பயன்.

எந்த வகையானாலும், கையிலிருக்கும் பணம் முழுவதையும் செட்டில் போடக்கூடாது என்பது என் கருத்து. பதினைந்து ஆண்டுகளான கதவு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு மழை ஈரத்தில் ஊறி, அதன் விளிம்பு நொறுங்கியிருக்கும். அதன் வழியே எந்தச் செட் பாடினாலும் கரகரப்பே வரும். எளிய ஒற்றை டின் செட்டும் முன்கதவுகளுக்கு ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கரும், விலையுயர்ந்த திரையும் கிழிந்த ஸ்பீக்கரும் என்ற இரண்டில், முதலாவது காதுக்கு ஐயமில்லாமல் மேலானது. நானும் இறுதியில் அதையே செய்தேன்.

பொருத்தும் வேலையில் ஒரே ஒரு நிபந்தனையை வாய்விட்டுச் சொல்லவேண்டும்: காரின் கப்ளரை வெட்டக்கூடாது. அந்தந்த மாடலுக்கான மாற்றுக் கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐரோப்பிய கார்கள் பலவற்றில் ஐஎஸ்ஓ என்னும் பொதுக் கப்ளரே இருக்கும், ஆனால் ஃபோக்ஸ்வாகன் வகைக் கார்களில் அதிலும் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருப்பதால் புதிய செட்டில் அவற்றை மாற்றிச் செருகவேண்டியிருக்கும். எனக்கு ஏற்கெனவே வெட்டுப்பட்ட கார் வாய்த்ததால், ஒவ்வொரு ஒயரையும் மீட்டரால் அடையாளம் கண்டு, பற்றவைத்து, சுருங்கும் உறை போட்டு மூட அரை நாள் ஆனது. ஆன்டெனாவின் அடியில் சிறிய பூஸ்டர் உள்ள கார்களில் அதற்கான 12 வோல்ட்டைப் புதிய செட்டின் நீல ஒயரிலிருந்து கொடுக்க மறந்துவிட்டால், புதிய செட்டின் எஃப்.எம். பழையதைவிட மோசம் என்ற புகார் மறுநாளே வரும்.

டேஷ்போர்டை மூடுவதற்கு முன் அங்கேயே நின்று சிலவற்றைச் சோதித்துவிடவேண்டும். சாவியை எடுத்து மறுபடி போட்டபின் கடிகாரம் சரியாக இருக்கிறதா, முகப்பு விளக்கைப் போட்டால் இரைச்சல் வருகிறதா, பேலன்ஸையும் (இடது, வலது) ஃபேடரையும் (முன், பின்) நான்கு மூலைகளுக்கும் கொண்டுபோனால் அந்தந்த மூலை மட்டும் பாடுகிறதா என்று பார்க்கவேண்டும். கடைசியாக எல்லாவற்றையும் நடுவில் வைத்து, ஒரே குரல் பாடும் பாட்டு ஒன்றைப் போடவேண்டும். குரல் முன்னால் ஓரிடத்தில் நிற்காமல் காரெங்கும் கரைந்து, தபேலாவின் அடிச்சத்தம் மெலிந்து கேட்டால், ஏதோ ஒரு ஸ்பீக்கரின் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறியிருக்கின்றன. என் காரில் அது இடது முன்கதவு.